இதர நகர்

காலையில் திருநின்றவூரில் ரயில் ஏறியதும் விட்டுப்போன தூக்கம் எனக்குத் திரும்பி வந்துவிடும். ஜன்னலோர இடம் கிடைத்த நாளில் கண்ணை மூடமாட்டேன், திறந்து வைத்துக்கொண்டே தூங்குவேன். மொட்டைமாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக நகர்ந்து போகும். காயப்போட்ட சேலைகள், பாதியில் நின்றுபோன வீடுகள், தொழிற்சாலைக் குடியிருப்பின் வேப்பமரங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மங்கலாகிவிடும். நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்ததும்தான் மறுபடி தனித்தனியாகப் பிரியும்.

"எந்த லோகத்துல இருக்க நீ?" என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி கேட்பார். அவர் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார், அவருடைய லோகம் லேப்டாப்புக்குள் இருக்கிறது. எனக்குக் கனவும் அதிகம், கோபமும் அதிகம். ரெண்டும் ஒரே பொம்பளையிடம் இருந்தால் குடும்பம் எப்படி விளங்கும் என்று என் அம்மா போனில் அலுத்துக்கொள்வாள். விளங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் ஒரு நகராட்சியில் உதவி நிரலர், அதாவது அசிஸ்டென்ட் புரோகிராமர். எந்த நகராட்சி என்று சொல்லமாட்டேன். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே கண்ணை மூடிக்கொண்டு விரலை வையுங்கள், அங்கே எங்கேயோ இருக்கிறது. பதவியின் பெயரில்தான் நிரல் இருக்கிறது. நான் நிரல் எழுதி யுகமாகிறது. பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவது, சொத்துவரிக் கவுண்டரில் கணினி உறைந்துபோனால் அதை எழுப்புவது, பொதுமக்கள் குறை சொல்லும் செயலியைப் பார்த்துக்கொள்வது, இதுதான் என் பிழைப்பு. சர்வர் இருக்கும் குட்டி அறைக்கு ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் வைப்பதும் நான்தான். அந்தப் பொட்டு அடுத்த பூஜை வரை அழியாமல் இருக்கும். ஏ.சி.யின் முனகலில் அந்த அறையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும், நான் இருக்கிற இடம் எனக்கே மறந்துவிடும்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாளில் ஆணையர் கூப்பிட்டனுப்பினார். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு நகராட்சியும் அடுத்த ஐந்து வருஷத்துக்குத் தொழில்நுட்பச் சேவைகளை எப்படி நடத்தப் போகிறது என்று தொலைநோக்குத் திட்டம் ஒன்று எழுதி, மன்றத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்.

"நீங்கதான் எழுதணும் மேடம். வேற யாருக்கு இது தெரியும்?" என்றார். நல்ல மனுஷர், சத்தம் போடமாட்டார், எதையும் விதிப்படி செய்கிறவர்.

தொலைநோக்கு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆணையரே வெள்ளைச் சட்டை போட்ட புகைதான். ஆனால் வெளியே வந்து படியிறங்கும்போதே உள்ளுக்குள் ஒரு குதூகலம் தொற்றிக்கொண்டது. கனவு காண்பதற்கு அரசாங்கமே உத்தரவு போட்டால் விடுவேனா?

அடுத்த சில வாரங்கள் நான் தரையில் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ரயிலில், கவுண்டரில், அடுப்படியில் குழம்பு கொதிக்கும்போது, எங்கேயும் அந்த ஊர் என் கண்முன் விரிந்துகொண்டே இருந்தது. இன்னும் ஐந்து வருஷம் தள்ளிய எங்கள் ஊர். குப்பை வண்டிகள் வரைபடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஊர்ந்து போகும். மழைநீர்க் கால்வாய் தன் மட்டத்தைத் தானே சொல்லும். இருட்டத் தொடங்கியதும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு சமிக்ஞை போகும், தெருத்தெருவாக விளக்குகள் எரிந்துகொண்டே போகும். ஒரு விளக்கு அணைந்தால் அதுவே தகவல் அனுப்பும். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். எழுத எழுத எனக்கே ஆசையாக இருந்தது. ஒரு நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே கட்டுப்பாட்டு அறையின் நாற்காலிகளுக்கு என்ன நிறம் போடலாம் என்று யோசித்தேன்.

திட்டத்தின் முதல் கட்டம் தெருவிளக்கு. எந்தத் தெருக்களுக்கு முதலில் என்று முடிவு செய்யவும் ஒரு நியாயமான வழி வைத்திருந்தோம். குறை சொல்லும் செயலியில் எந்தத் தெருவிலிருந்து விளக்குப் புகார் அதிகம் வந்திருக்கிறதோ, அந்தத் தெருவுக்கு முதலில். சிபாரிசுக்கு இடமில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

ஒரு மத்தியானம் புகார்களை எல்லாம் தெருவாரியாகப் பிரித்துத் திரையில் படமாகப் போட்டேன். எல்லாத் தெருக்களும் குட்டையாக நிற்க, ஒன்று மட்டும் திரையின் உச்சி வரை நெடுநெடுவென்று நின்றது. அடியில் பெயரைப் பார்த்தேன். 'இதர' என்று இருந்தது.

செயலியில் புகார் போடும்போது தெருப் பெயரை ஒரு பட்டியலிலிருந்து பொறுக்க வேண்டும். உங்கள் தெரு அதில் இல்லையென்றால் கடைசியில் 'இதர' என்று ஒன்று இருக்கும், அதை அமுக்கலாம். அவ்வளவுதான் அந்த வார்த்தை. சோம்பேறிகளும் அவசரக்காரர்களும் அமுக்குவது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆணையரும் அதையே சொன்னார். "அது இடம் இல்ல மேடம். எங்கெங்கயோ இருந்து வந்து விழுந்த குப்பை. அதை எடுத்துட்டு மீதியைப் போடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் எடுக்க மனசு வரவில்லை. அன்று சாயங்காலம் ரயிலில் அந்த வார்த்தை என்னோடு உட்கார்ந்துகொண்டது. இதர. சொல்லச் சொல்ல அது ஒரு ஊராகிக்கொண்டே வந்தது. இந்து கல்லூரி நிறுத்தம் தாண்டியதும் மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் 'இதர' என்று எழுதிய ஒரு ஸ்டேஷன் வரும். பிளாட்பாரத்தில் ஒரு விளக்கு இருக்காது. நிறைய ஜனங்கள் இறங்கி இருட்டுக்குள் நடந்து போய்விடுவார்கள். முழித்துப் பார்த்தால் திருநின்றவூர் தாண்டி ரயில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்து, வீட்டில் திட்டும் வாங்கினேன்.

அந்தத் திங்கட்கிழமை மனு நாள். கவுண்டரில் ஒரு அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும், போனைக் கையில் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். கவுண்டரில் இருந்தவர் என் பக்கம் கைகாட்டித் தப்பித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், நீங்கதான் அந்த ஆப்புக்கு ஆபீசரா? எத்தினி தபா போட்றது? போட்டா 'உங்கள் புகார் பெறப்பட்டது'ன்னு வருது. அப்பால ஒன்னியும் காணோம். பெறப்பட்டு பெறப்பட்டு இன்னாத்த கண்டோம்?"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. "எந்தத் தெருன்னு போட்டீங்க?" என்றேன்.

"இதர."

"அப்படிப் போட்டா யாருக்கு எப்படித் தெரியும்? உங்க தெருப் பேரைப் போட வேண்டாமா?"

"எங்க தெரு அதுல எங்க கீது மேடம்? நீயே தேடிக் குடு, காலுல வுழறேன்." போனை என் முன்னால் நீட்டினாள். "ஏரிக்கரைக்கு அந்தாண்ட கீறோம் நாங்கோ. எங்க தெரு ஒன்னு கூட லிஸ்ட்ல இல்ல. அதான் அல்லாரும் கடைசில கீற இதரவ அமுக்குங்கன்னு வாட்ஸ்அப்புல போட்டுகினோம். மொத்த ஏரியாவும் அதத்தான் அமுக்கிகினு கீது."

திரையின் உச்சியைத் தொட்ட அந்த நெட்டை, குப்பை இல்லை. அது ஒரே இடம். அத்தனை பேரும் ஒரே இருட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். கோபம் இறங்கியதும் அவள் குரல் உடைந்தது. மகள் டிப்ளமோ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இருட்டிவிடும். அங்கிருந்து ஏரிக்கரை ஓரமாக வீடு வரைக்கும் ஒரு விளக்கு கிடையாது. போன மாசம் பைக்கில் வந்த ரெண்டு பேர் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த ரோட்டில் அவள் ஓடித்தான் வருகிறாள்.

"எங்க ஊட்டுக்காரு சொல்ட்டாரு மேடம். தீபாவளிக்குள்ள லைட்டு வந்தா பாக்கலாம், இல்லாட்டி வேலைய உட்டுட்டு ஊட்ல குந்து, மாப்ள பாக்கறேன்னு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, பயம். பொண்ணு இப்பத்தான் பர்மனன்ட் ஆயிருக்கு. அழுது அடம் புடிச்சிப் படிச்ச பொண்ணு மேடம் அது."

அவள் போனதும் நேராக ஆணையரிடம் போனேன். விஷயம் இன்னும் சிக்கலாக இருந்தது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் முன்பு ஊராட்சியாக இருந்தது, பிறகு எங்களோடு சேர்க்கப்பட்டது. புதிதாக முளைத்த தெருக்களுக்கு மன்றம் பெயர் வைத்தால்தான் பட்டியலில் ஏற்ற முடியும். மன்றத்திலோ ரெண்டு கோஷ்டி. இவர்கள் தலைவர் பெயர் என்றால் அவர்கள் எழுந்து நிற்பார்கள், அவர்கள் தலைவர் பெயர் என்றால் இவர்கள் வெளிநடப்பு. ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பொருள் ஒத்திவைக்கப்படும்.

"பேர் இல்லாத இடத்துக்கு எப்படி மேடம் விளக்குப் போடறது? எஸ்டிமேட்ல என்ன எழுதுவீங்க? தணிக்கையில கேட்டா என்ன சொல்வீங்க?"

"பேர் இல்லன்னா இருட்டுலயே கிடக்கணுமா சார்?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நான் அப்படிச் சொல்லலையே. வழி இருந்தா நீங்களே சொல்லுங்க" என்றார். வழி என்ன இருக்கிறது? வெளியே வந்து சர்வர் அறையில் உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி எல்லாரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

இடத்தையாவது பார்த்துவிடுவோம் என்று ஒரு சாயங்காலம் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோக்கள் நின்றுகொண்டிருந்தன. ஒரு டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கூவிக்கொண்டிருந்தார்.

"நூம்பல், நூம்பல்... இதர நகர், இதர நகர்! இதர நகர் ஒரு சீட்டு!"

காது தப்பாகக் கேட்கிறது, ரயிலில் கண்ட கனவு இன்னும் கலையவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எந்த நகர்?" என்றேன்.

"இதர நகர்க்கா. ஏரிக்கரைக்கு அந்தாண்ட. இன்னா யோசிச்சிகினு நிக்கிற? வர்றதுன்னா ஏறு."

"அந்தப் பேர் யாரு வச்சது?"

"எனக்கு இன்னா தெரியும்? அல்லாரும் அப்டித்தான் சொல்றாங்கோ. தண்ணி லாரிக்காரனும் அத்தான் சொல்றான்." ஆட்டோவை உதைத்துக் கிளப்பினார்.

பின் சீட்டில் ரெண்டு பேருக்கு நடுவே நெருங்கி உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பக்கத்திலிருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாங்கள் தெருக்களை எல்லாம் எழுதி, மீந்ததைக் கொட்டுவதற்கு ஒரு வார்த்தை வைத்தோம். அந்த வார்த்தைக்குள்ளே ஜனங்கள் குடியேறி, பின்னால் ஒரு நகரையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் நகர் என்று முடிந்தால் போதும், அது ஊர். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இறங்கிப் பார்த்தேன். பூசாத செங்கல் வீடுகள், நடுநடுவே புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்று, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண்கள். டீக்கடையில் சுண்ணாம்பு எழுத்தில் 'இதர நகர் டீ ஸ்டால்' என்று இருந்தது. ஏரி அப்போது வெளிறிய நீலத்தில் அசையாமல் கிடந்தது. கொக்குகள் ஒவ்வொன்றாகக் கரை மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. காற்றில் ஈர மண் வாசனையும் யாரோ வறுக்கும் மீன் வாசனையும் கலந்து வந்தன. இந்த இடத்துக்கு அழகு போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றுகிற மாதிரி ஒரு மயக்கம். கரைமேல் நின்று அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் போயிற்று. ஏரி போயிற்று, ரோடு போயிற்று, என் கையே எனக்குத் தெரியவில்லை. அழகெல்லாம் எங்கே போயிற்றோ, எனக்குப் பயமாக இருந்தது.

வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்ததால் அந்த அம்மா என்னைத் தேடிக்கொண்டு போன் டார்ச்சோடு வந்தாள். ரெண்டு பேரும் ரோட்டு முனையில் நின்றோம். தூரத்தில் பஸ் நின்று கிளம்பும் சத்தம். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இருட்டுக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் தடதடவென்று நெருங்கி வந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு இரைக்க, ஒரு பெண் வெளிச்சத்துக்குள் வந்து விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா அவள் முதுகைத் தடவினாள். ரெண்டு பேருக்கும் இது தினப்படி வேலை போலிருந்தது.

நான் யார் என்று அம்மா சொன்னதும், அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள், "மேடம், நெஜமாவே வருமா?"

"வரும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஆபீஸில் முதல் வேலையாகத் திட்டத்தைத் திறந்தேன். முதல் கட்டத் தெருக்களின் வரிசையில் முதல் இடம். 'இதர' என்று இருந்ததற்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, 'நகர்' என்று அடித்தேன். மூன்றே எழுத்து.

ஆணையர் படித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றார். "இதர நகர்? அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு சார். ஷேர் ஆட்டோ போகுது. டீக்கடை போர்டு இருக்கு. தண்ணி லாரி அந்தப் பேரைச் சொல்லித்தான் வருது."

என்னை ஒரு தரம் பார்த்தார், தாளை ஒரு தரம் பார்த்தார். உதடு ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "மன்றம் ஒத்துக்கிட்டா பேரும் வந்த மாதிரி, விளக்கும் வந்த மாதிரி. ஒத்துக்கலன்னா நான் உங்களைத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்றார்.

மன்றக் கூட்டம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்தது என் அதிர்ஷ்டம். மின்விசிறிகள் சுற்ற, பாதிப் பேர் கண்கள் சொருகியிருந்தன. நான் நின்றுகொண்டு தொலைநோக்கைப் படித்தேன். கட்டுப்பாட்டு அறை, வண்டிப் புள்ளிகள், கால்வாய் மட்டம். என் கனவை எல்லாம் ஒரு தூங்கும் சபைக்குத் தாலாட்டு மாதிரி பாடிக்கொண்டிருந்தேன். முதல் கட்டத் தெருக்கள் வந்தன. இதர நகர் என்று படித்துவிட்டு வேகமாகத் தாண்டப் பார்த்தேன்.

"இரும்மா, இரு." ஒரு கோஷ்டியின் மூத்த உறுப்பினர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதர நகரா? யாரு பேரு அது?"

ஆணையர் கூரையைப் பார்த்தார்.

எதிர்க் கோஷ்டியிலிருந்து பதில் வந்தது. "யாரு பேரும் இல்லண்ணே. நம்ம ஏரிக்கரை ஏரியாதான். ஜனம் அப்டித்தான் சொல்லுது."

"உங்காளு பேரு இல்லல்ல?"

"எங்காளு பேரும் இல்ல, உங்காளு பேரும் இல்ல."

"அப்ப சரி. இருந்துட்டுப் போவட்டும்" என்று அவர் மறுபடி சாய்ந்துகொண்டார். மேசையைத் தட்டி நிறைவேற்றினார்கள். எத்தனையோ கூட்டங்களில் சண்டை போட்டும் கிடைக்காத பெயர், யாருக்கும் சொந்தமில்லாததால் கிடைத்துவிட்டது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழலாம் போலிருந்தது. டீ குடித்துச் சமாளித்தேன்.

அதன்பின் காத்திருப்பு. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. டெண்டர், ஆணை, கையெழுத்து. புரட்டாசிக் கடைசியில் கம்பங்கள் வந்து இறங்கின. ஐப்பசி பிறந்து, மழை பெய்து, நின்று, மறுபடி பெய்தது. மழை விட்ட ஒரு நாளில் விளக்குகளும் ஏறின. ஏரிக்கரை ஓரம் வெள்ளை விளக்குகள் தலை குனிந்து வரிசையாக நின்றன. எல்லாம் இருந்தது, எரியத்தான் இல்லை.

அந்த அம்மா தினமும் போன் செய்தாள். "மேடம், நாளு கிட்ட வந்துருச்சு. லைட்டு மொறச்சிகினு நிக்குது, எரிய மாட்டேங்குது. ஊட்டுக்காரு கம்பத்தக் காட்டிச் சிரிக்கிறாரு. பொண்ணு வேலைய வுட்டா என்னாண்ட பேசவே பேசாது மேடம்."

காண்ட்ராக்டரைப் பிடித்தேன். "சிஸ்டம் லைவ் ஆகணும் மேடம். கட்டுப்பாட்டு அறையில இருந்து சிக்னல் வந்தாத்தான் விளக்கு எரியும்" என்றார் நிதானமாக.

கட்டுப்பாட்டு அறையை நான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகளும் சுவரில் நாலு ஆணிகளும்தான் அங்கே இருந்தன. நாற்காலிகள் நீல நிறம், நான் அடுப்படியில் யோசித்தது பச்சை.

"அது எப்ப லைவ் ஆகும்?"

"பொங்கலுக்கு அப்புறம் பாக்கலாம் மேடம்."

"தீபாவளிக்கு எரியணும்ங்க."

"பிளான்ல அப்படி இல்லையே மேடம். சிக்னல்லதான் எரியணும்னு போட்டிருக்கு. நீங்க எழுதின பிளான்தானே?"

அவ்வளவுதான், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஆமா, நான் எழுதினதுதான்! நானே சொல்றேன், கேளுங்க. சிக்னலும் வேணாம், சிஸ்டமும் வேணாம். எங்க வீட்டு குண்டு பல்பு மாதிரி ஒரு சுவிட்ச் வச்சுக் குடுங்க. அஞ்சு வருஷத் தொலைநோக்கு அப்புறமா வந்து சேரட்டும். அந்தப் பொண்ணு இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்!" ஆபீஸே திரும்பிப் பார்த்தது. எந்தப் பொண்ணு என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் பயந்துவிட்டார். ஆணையர் தற்காலிக ஏற்பாடு என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தீபாவளிக்கு முந்தின நாள். கடைசிக் கம்பத்தில் ஆள் உயரத்தில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சுவிட்ச். நான் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நூம்பல் பக்கம் அங்கங்கே வெடிச் சத்தம். அம்மா இருந்தாள். அவளுக்குப் பின்னால், கைலியும் சட்டையுமாக, கையைக் கட்டிக்கொண்டு அவள் புருஷன் நின்றிருந்தார். முரடராக இருப்பார் என்று நினைத்திருந்தேன், ஒல்லியாக, தூக்கம் கெட்ட முகத்தோடு இருந்தார்.

"நீயே போடு மேடம்" என்றாள் அம்மா.

"நீங்க போடுங்க" என்றேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் சுவிட்சை அமுக்கினாள். முதலில் பக்கத்து விளக்கு, பிறகு அடுத்தது, கண் இமைக்கும் நேரத்தில் ஏரிக்கரை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. நான் திட்டத்தில் எழுதியது எதுவும் அங்கே இல்லை. ஆனால் ரோட்டில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது, கரையோரப் புல் தெரிந்தது, தண்ணீரில் விளக்குகள் தலைகீழாக நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கழற்றினாலும் வெளிச்சமாகத்தான் இருந்தது.

அவர் ரோட்டை அந்தக் கோடி வரைக்கும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெண்டாட்டியைப் பார்க்காமலே, "சரி. போவட்டும் வேலைக்கு" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்போது தூரத்தில் பஸ் வந்து நின்றது, கிளம்பிப் போனது.

நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். பஸ் சத்தம் அடங்குவதற்குள் கேட்க வேண்டிய செருப்புச் சத்தம் கேட்கவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. அம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். "இன்னா இது, இன்னும் காணோம்?" என்றாள். அவர் கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டு ரெண்டு அடி முன்னால் போனார். இந்த வெளிச்சத்திலும் ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? அந்த அம்மா ஓடத் தொடங்கும்போது வளைவில் ஓர் உருவம் தெரிந்தது.

அவள்தான். பை தோளில் தொங்கியது. ரோட்டின் நடுவே வந்துகொண்டிருந்தாள். ஏரிப் பக்கம் ஒரு தரம் திரும்பி நின்று பார்த்தாள், பிறகு மறுபடி வந்தாள். எங்களை நெருங்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

"இன்னாடி இது, பஸ்ஸு பூட்டு எம்மா நேரமாவுது! உசுரே போச்சு எங்களுக்கு. எங்கடி பூட்ட?"

"எங்கியும் போவலம்மா" என்றாள் அவள். "நடந்து வந்தேன்."